வேலூர் மேசையில் கடல்புழுக் குஞ்சுகள்: பாலிகீட் லார்வாவை உயிரோடு கொண்டுவந்து அடையாளம் பார்த்த அனுபவம்

வேலூரிலிருந்து எந்த வழியாகப் போனாலும் கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல். அதனால் இங்கே கடல் விலங்கியல் என்றாலே ஃபார்மலின் பாட்டில்தான். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் இருக்கும் மிதவை உயிரி சாம்பிளை எடுத்து, ஒரு துளி ஸ்லைடில் விட்டு, "இது பாலிகீட் லார்வா, படம் வரையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பாலிகீட் என்பது உடலோரம் முள்மயிர்கள் கொண்ட கடல்புழு, லார்வா அதன் குஞ்சு. நான் காட்பாடியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவிகள் இதை உயிரோடு பார்த்தே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. செத்த லார்வாவில் அடையாளம் பாதிதான் மிஞ்சும். மஞ்சளும் பச்சையும் ஆரஞ்சும் ஃபார்மலினில் போய்விடும், கறுப்புப் புள்ளி மட்டும் தாக்குப்பிடிக்கும். நீந்துவதற்காக உடலைச் சுற்றி அடிக்கும் குறுயிழை வளையம் நின்றுவிடும், பிறகு அது எங்கே இருந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். நீளமான முள்மயிர்கள் ஒடிந்து பாட்டிலின் அடியில் கிடக்கும். முதிர்ந்த இந்தியப் பாலிகீட்டுகளுக்கு 1953-ல் பியர் ஃபாவெல் எழுதிய நூல் இருக்கிறது. ஆனால் அதில் உள்ள அடையாளங்களில் பெரும்பாலானவை லார்வாவில் இன்னும் முளைத்திருக்காது. லார்வாவுக்கு வேறு கண்ணோடுதான் உட்கார வேண்டும்.

எங்கள் பாலாறு வயலூர் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. வேலூர்க்காரி என்ற முறையில் அங்கேதான் வலை இழுக்க ஆசை. ஆனால் கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய பகுதி, படகில் கருவியோடு சுற்றுவது சரிவராது. அதனால் கோவளம். முட்டுக்காடு கழி கடலோடு கலக்கும் இடம் பக்கத்திலேயே இருப்பதால் கடல் லார்வாவும் கிடைக்கும், கழிமுக லார்வாவும் கிடைக்கும். கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடும், ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பு குறைந்துவிடும். தை, மாசிதான் எங்களுக்குத் தோதான காலம், வேலூர் வெயிலும் அப்போது கொஞ்சம் அடங்கியிருக்கும்.

கடையில் விற்கும் பிளாங்க்டன் வலை விலை அதிகம். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கடைகளில் சட்டத்தில் இழுத்துக் கட்டும் பாலியெஸ்டர் துணி இருக்கிறதல்லவா, அதைத்தான் வாங்கினோம். சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்ற எண்ணைச் சொல்லித்தான் அதை விற்பார்கள். 77 என்று கேட்டு வாங்கி, ஒரு துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து அளந்தால் துளை சுமார் 75 மைக்ரான் வந்தது. பாலிகீட் லார்வாக்களில் பெரும்பாலானவை 200 மைக்ரானிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை இருக்கும் என்பதால் இது போதும். இதைவிட நெருக்கமான துணி வாங்கினால் பாசி அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே புகாமல் முன்வாயிலிருந்தே திரும்பிவிடும். கூம்பாகத் தைத்து, வாயில் ஸ்டீல் வளையம், வாலில் மூடியறுத்த பிளாஸ்டிக் பாட்டில். தையல் மடிப்பு உள்பக்கம் வரக்கூடாது, லார்வா அதில் சிக்கி நசுங்கும்.

ஃபைபர் படகு ஓட்டிய அண்ணன் வலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தத் துணியில என்ன மீன் மாட்டும் டீச்சரம்மா?"

"மீன் இல்லண்ணா, புழுக் குஞ்சு."

"புழுவா? தூண்டில்ல கோர்க்குறமே, சேத்துல தோண்டி?"

"அதோட குஞ்சுதான். சேத்துக்குப் போறதுக்கு முன்னாடி தண்ணியில மிதந்துக்கிட்டுத் திரியும்."

அதற்குப் பிறகு அவரே இன்ஜினை மட்டாக வைத்து, நடக்கிற வேகத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார். வேகமாக இழுத்தால் லார்வா துணியில் மோதிச் செத்துவிடும்.

வலையில் வந்ததை அப்படியே பாட்டிலில் அடைத்து ஊருக்குக் கிளம்பினால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் எல்லாம் நாறிவிடும். சாம்பிளில் கோபிபாட் என்ற குட்டி ஓட்டுடலிகள், சீப்பு ஜெல்லி, அம்புப்புழு எல்லாம் சேர்ந்தே வரும். ஒன்று ஆக்சிஜனைத் தீர்க்கும், மற்றது லார்வாவையே தின்னும். கரையிலேயே பெரிய கண்ணி வலைத்துணியில் ஒருமுறை வடித்துப் பெரியவற்றை விலக்கினோம். மிச்சத்தை வாளிவாளியாகக் கடல்நீர் விட்டு நீர்த்து, பல பாட்டில்களில் பாதி அளவு மட்டும் நிரப்பினோம். மீதிப் பாதி காற்று. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி ஓரத்தில் வைக்க வேண்டும், சாம்பிள் பாட்டிலை நேராக ஐஸ் தொடக்கூடாது. தனியாக இரண்டு கேனில் சுத்தமான கடல்நீரும், கழியின் ஓரச் சேறு ஒரு டப்பாவும் எடுத்துக்கொண்டோம். பின்னால் அந்தச் சேறுதான் காப்பாற்றியது.

காட்பாடி வந்து சேர்ந்ததும் முதல் வேலை விளக்கு. கண்ணாடிக் கிண்ணத்தில் சாம்பிளை ஊற்றி, அறையை இருட்டாக்கி, ஒரு பக்கம் மட்டும் டேபிள் லாம்ப். கொஞ்ச நேரத்தில் வெளிச்சப் பக்கம் ஒரு மங்கலான புகைபோல் திரளும். பாலிகீட் லார்வாக்களில் பல, இளம் வயதில் வெளிச்சத்தை நோக்கி நீந்துபவை. வாய் அகன்ற பிப்பெட்டால் அந்தத் திரளை உறிஞ்சி வாட்ச் கிளாஸுக்கு மாற்றினால் பாதித் தேடல் மிச்சம். இருட்டுப் பக்கத்தை மறந்துவிடக் கூடாது. தரையில் குடியேறும் வயதுக்கு வந்த லார்வாக்களில் பல வெளிச்சத்தை விட்டு விலகும். நன்றாக வளர்ந்த, அடையாளம் சொல்ல எளிதான லார்வாக்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடைத்தன.

நகரும் லார்வாவின் முள்மயிரை எண்ண முடியாது. மெக்னீசியம் குளோரைடு 7.5 கிராமை 100 மில்லி நல்ல தண்ணீரில் கரைத்து, லார்வா இருக்கும் கடல்நீரோடு சரிபாதி கலந்தால் சில நிமிடத்தில் தளர்ந்துவிடும், சாகாது. குளோரைடு கிடைக்காதபோது உரக்கடை மெக்னீசியம் சல்பேட்டும் வேலை செய்தது, வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும். கவர் ஸ்லிப்பின் நாலு மூலையிலும் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கடுகளவு ஒட்டிக்கொண்டால் லார்வா நசுங்காது. லேசாக அழுத்தி உருட்டிப் பார்க்கவும் முடியும், முதுகு, வயிறு, பக்கவாட்டு என மூன்று கோணமும் கிடைக்கும். மைக்ராஸ்கோப்பில் வெளிச்சத்தைக் குவிக்கும் கண்டென்சருக்கு அடியில் கறுப்புத் தாளை வட்டமாக வெட்டி வைத்தால் பின்னணி கறுப்பாகி, கண்ணாடிமாதிரி தெரியாமல் இருந்த முள்மயிர்கள் வெள்ளிக் கம்பியாக எழுந்து நிற்கும். இந்தக் கறுப்பு வட்டத்துக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை, பலன் பெரிது. எல்லாக் கல்லூரி மைக்ராஸ்கோப்பிலும் இதைப் போட்டு வைக்கலாம்.

இனி அடையாளம். பார்த்தவுடன் பெயர் சொல்லத் துடிக்கும் மாணவிகளுக்கு நான் வைத்த ஒழுங்கு இதுதான்: முதலில் வளையம், பிறகு கண்டம் (புழுவின் உடல் பிரிந்திருக்கும் துண்டுகள்), பிறகு முள்மயிர், பிறகு கண்ணும் தலையும், நிறம் கடைசி.

வாய்க்கு முன்னால் இருக்கும் குறுயிழை வளையம் புரோட்டோட்ரோக். மலவாய்க்கு முன்னால் இருப்பது டீலோட்ரோக். இவை இரண்டும் இருந்து, உடல் இன்னும் கண்டமாகப் பிரியாமல் உருண்டையாக இருந்தால் ட்ரோக்கோஃபோர். 1878-ல் ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹாட்ஷெக் அந்தப் பெயரை வைத்தார். இந்த நிலையில் எந்தக் குடும்பம் என்று அடித்துச் சொல்ல முயலாதீர்கள். மெல்லுடலிகளின் ட்ரோக்கோஃபோரும் இதே மாதிரிதான் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் முள்மயிர் எட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சு. வளையம் உடலின் நடுவில் இருந்தால் விஷயம் வேறு, அது கீட்டோப்டெரிடே குடும்பம். நடுவில் ஒன்றோ இரண்டோ பட்டை சுழலும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

எங்களை அதிகம் உட்காரவைத்தது மூன்று கண்ட லார்வா. கிண்ணத்தில் எங்கு பார்த்தாலும் மூன்று ஜோடி முள்மயிர்க் கட்டோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், இது நீரிஸ் லார்வாதானே? மூணு கண்டம் இருக்கு, புக்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள் ஒரு மாணவி.

"மூணு கண்டம் நீரிஸுக்கு மட்டும் இல்லம்மா. முள்மயிர் எவ்வளவு நீளம்னு பாரு."

"வாலைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு மேடம்."

"அப்போ யோசி."

நீரிஸ் குடும்ப லார்வா நீந்தித் திரியும்போது பெரும்பாலும் மூன்று கண்டத்தோடு காணப்படும். ஸ்பயோனிடே குடும்பத்தில் பாலிடோரா போன்றவற்றில் தாய்ப்புழு தன் குழாய்க்குள்ளேயே முட்டைப்பையை வைத்துப் பாதுகாத்து, குஞ்சு மூன்று கண்டம் ஆனபிறகே வெளியே விடும். குழாய்ப்புழுக்களான செர்புலிடே லார்வாவும் மூன்று கண்டத்தோடுதான் குடியேறத் தயாராகும். துறைமுகத் தூணிலும் கடல்நீர்க் குழாயிலும் சுண்ணாம்புக் குழாயாக ஒட்டும் ஹைட்ராய்டிஸ் இந்த வகைதான். ஆக மூன்று என்ற எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

பிரித்தது முள்மயிர். ஸ்பயோனிட் குஞ்சில் முதல் கண்டத்து முள்மயிர்கள் உடலைவிட நீளம், ஒற்றைத் துண்டு, 40 மடங்கு லென்ஸில் பார்த்தால் ஓரம் ரம்பம்போல் பல்லாக இருக்கும். நீந்தும்போது அவற்றை உடலோடு ஒட்டி மடித்து வைத்திருக்கும். பிப்பெட் முனையால் தண்ணீரை லேசாகத் தட்டினால் அப்படியே சுருண்டு, அத்தனை முள்ளையும் நாலாபக்கமும் விரித்துவிடும். விழுங்க வரும் சிறு மீனுக்கு அது அகலமான முள்கட்டு. இதை ஃபார்மலின் சாம்பிளில் பார்க்கவே முடியாது. மாணவிகள் மாறி மாறித் தட்டிப் பார்த்தார்கள், போதும் என்று நான்தான் நிறுத்த வேண்டியிருந்தது. நீரிஸ் குஞ்சில் முள்மயிர் குட்டை. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு துண்டு: தண்டு ஒன்று, அதன் நுனிக் குழியில் மெல்லிய தகடு ஒன்று, நடுவில் மூட்டு. அந்த மூட்டைக் கண்ணால் பார்த்துவிட்டால் ஸ்பயோனிட் என்ற பேச்சே இல்லை. முள்மயிர்கள் வெறும் உடற்சுவரிலிருந்து முளைக்காமல் சதைப்பற்றான பக்கக்காலிலிருந்து கிளம்பும். தலையில் நாலு கண், வாலில் இரண்டு இழை, உடலுக்குள் கறுத்த பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடித் தாடை. தாடையின் உள்ளோரத்துப் பல்கூட வெளியிலிருந்தே தெரியும், லார்வா அவ்வளவு தெளிவு. செர்புலிட் குஞ்சோ தலைப்பக்கம் பருத்து, கீழே குறுகி, தலைக்குப் பின்னால் ஒரு கழுத்துப்பட்டை மடிப்போடு, சிவப்புக் கண் இரண்டோடு சுற்றும். அதன் முள்மயிர் உடலைத் தாண்டி நீளாது.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தலையிலிருந்து இரண்டு மிக நீளமான உணர்விழைகள், அவற்றில் வரிசையாகக் குமிழ், உடல் ஒல்லி என்றால் மேகலோனா. அதன் குடலில் சில நேரம் குட்டிச் சிப்பி ஓடு கிடக்கும், இருவோட்டுச் சிப்பிகளின் லார்வாவைத் தின்னும் பழக்கம் அதற்கு உண்டு. முதுகில் செதில் முளைக்கத் தொடங்கியிருந்தால் பாலிநோயிடே. கண்டமெல்லாம் ஒரே மாதிரி, தலையில் இழை எதுவும் இல்லை, இரு முனையிலும் வளையம் பளிச்சென்று இருந்தால் கேப்பிடெல்லிடே பக்கம் யோசிக்கலாம். இரண்டு பெரிய கட்டாக, குறுக்கே வளையம் வளையமாக முள் சூழ்ந்த முள்மயிர்கள் இருந்தால் சபெல்லாரிடே. குறுயிழை ஓரத்தோடு கவிழ்ந்த கிண்ணமும் அடியில் இரண்டு கட்டு முள்ளும், புழு என்றே சொல்ல முடியாத உருவம் வந்தால் அது மித்ராரியா, ஓவீனியா புழுவின் லார்வா. கிண்ணத்துக்குள்ளேயே புழு மடிந்து வளர்ந்து, நேரம் வந்ததும் லார்வாத் தோற்றத்தை உதறிவிட்டு வெளியே நீளும். இங்கிலாந்தின் பிளிமத்தில் டக்ளஸ் வில்சன் 1932-ல் இதை விரிவாக எழுதினார். எங்கள் சாம்பிளில் ஒரே ஒன்று வந்தது, அதை யாரும் மருந்தில் போடவிடவில்லை நான்.

வளர்ந்த ஸ்பயோனிட் லார்வாவில் வேலை இன்னும் நுணுக்கம். பத்துப் பதினைந்து கண்டத்தோடு, முதுகில் கண்டத்துக்குக் கண்டம் கறுப்புப் புள்ளி வரிசையோடு வரும். புள்ளி அழகாக இருப்பதால் எல்லோரும் முதலில் அதைத்தான் எண்ணுவார்கள். வயது ஏற ஏறப் புள்ளி கூடும் என்பதால் அதை மட்டும் நம்பி இறங்கக்கூடாது. நான் நம்புவது ஐந்தாம் கண்டத்தை. பாலிடோரா கூட்டத்தில் ஐந்தாம் கண்டத்து முள்மயிர்கள் மட்டும் தடித்து, கட்டையாக, வரிசையாக நிற்கும். மற்ற ஸ்பயோனிட்டுகளில் அது இருக்காது. அடுத்து, வயிற்றுப்பக்கக் கொக்கிகள் எந்தக் கண்டத்தில் தொடங்குகின்றன என்று பார்க்க வேண்டும். பாலிடோராவிலும் அதே கூட்டத்துப் பொக்கார்டியாவிலும் ஏழாவது, சூடோபாலிடோராவில் எட்டாவது. இதற்கு ஒரு லார்வாவைத் தியாகம் செய்துதான் ஆக வேண்டும். கிளிசரினில் வைத்து, களிமண் இல்லாமல் கவர் ஸ்லிப்பை நன்றாக அழுத்தி, ஆயில் லென்ஸில் பார்த்தோம். கொக்கியின் வளைந்த நுனிக்கு மேல் கண்ணாடிபோல் ஒரு உறை மூடியிருக்கிறது. மழையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு குனிந்து நடக்கிறவர் மாதிரி வரிசையாக நின்றன அந்தக் கொக்கிகள். முதல் கண்டத்தை விட்டுவிடாமல் எண்ண வேண்டும். தலைக்குப் பின்னால் முதல் ஜோடி முள்மயிர் எங்கே இருக்கிறதோ அதுதான் ஒன்று. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, எண் ஒத்துவந்தால் மட்டும் நோட்டில் ஏற்றினோம்.

ஐபீஸில் போடும் அளவுகோலையும் சொல்ல வேண்டும். அளவு தெரிந்த கோடுகள் போட்ட ஸ்லைடான ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை வைத்து ஒவ்வொரு லென்ஸுக்கும் சரிபார்த்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். எங்கள் கருவியில் 10 மடங்கு லென்ஸில் ஒரு கோடு 10 மைக்ரான், 40-ல் 2.5. உங்களுடையதில் வேறாக இருக்கும். செல்போன் படம் பிறகு. முதலில் பென்சில். கேமரா எதை ஃபோகஸ் செய்கிறதோ அதைத்தான் காட்டும், வரைகிறவளின் கை மேலும் கீழும் ஃபோகஸைத் திருப்பித் திருப்பி எல்லா ஆழத்தையும் ஒரே தாளில் சேர்க்கும்.

இத்தனையும் செய்த பிறகும் லார்வாவை வைத்து இனப்பெயர் சொல்வது கடினம். உறுதியான வழி ஒன்று உண்டு, வளர்த்துவிடுவது. வளர்ந்த ஸ்பயோனிட் லார்வாக்கள் சிலவற்றைத் தனித்தனிச் சிறு கிண்ணத்தில் விட்டோம். கடல்நீரை ஜன்னலோரம் ஜாடியில் வைத்ததில் படிந்த டயட்டம் என்ற பழுப்பு நுண்பாசிதான் சாப்பாடு. இன்குபேட்டர் இல்லாததால் அகன்ற மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, அதில் கிண்ணங்களைப் பதித்து, ஈரத் துணியால் சட்டியைச் சுற்றினோம். வேலூரின் வறண்ட காற்றில் இது நன்றாகவே குளிரும், அறையைவிடச் சில டிகிரி குறைந்தே இருந்தது. அதே வறண்ட காற்று கிண்ணத்து நீரையும் குடித்துவிடும். நீர் குறைந்தால் உப்பு ஏறும், உப்பு ஏறினால் லார்வா சுருண்டுவிடும். நீர்மட்டத்துக்கு மார்க்கரில் கோடு போட்டு, குறைந்த அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் விடவேண்டும், கடல்நீர் விட்டால் உப்பு இன்னும் கூடும். உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் தினமும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் நிம்மதி.

கோவளத்திலிருந்து கொண்டுவந்த சேற்றை ஃப்ரீசரில் உறையவைத்து, அதில் ஏற்கெனவே இருந்த உயிர்களை நீக்கி, சலித்து, கிண்ணத்தின் அடியில் மெல்லிய படலமாக விட்டோம். லார்வா அதைத் தொட்டுத் தொட்டு எழுந்தது. சில மணி நேரம் ஊர்ந்தது, மறுபடி நீந்தியது. பிறகு ஒரு காலையில் நீந்துகிறவை குறைந்திருந்தன. லென்ஸுக்குக் கீழே சேற்றுத் துகள்களை ஒட்டி ஒரு சிறு குழாய், அதன் வாயிலிருந்து இரண்டு உணர்விழைகள் வெளியே வந்து கிண்ணத்தின் அடியைத் துழாவிக்கொண்டிருந்தன. ஒரு துகள் இழையின் பள்ளம் வழியே உருண்டு வாய்க்குப் போவதை எல்லோரும் பார்த்தோம். பக்கத்திலேயே கொட்டிய நீள முள்மயிர்கள் கிடந்தன. வளையம் போய்விட்டது. ஐந்தாம் கண்டத்துத் தடித்த முள் மட்டும் லார்வாவில் பார்த்த அதே இடத்தில் இருந்தது.

சிப்பி ஓட்டில் துளையிட்டுச் சேற்றுக் கொப்புளம் உண்டாக்குவதால் பாலிடோரா கூட்டத்தைச் சிப்பி வளர்ப்பவர்கள் கவலையோடு பார்ப்பார்கள். நம் கரையோரக் கழிகளில் உண்ணும் சிப்பி உள்ள இடமெல்லாம் இந்த லார்வாவைக் கண்டால் அடையாளம் சொல்லத் தெரிந்தவர்கள் வேண்டும். ஆனால் எங்கள் புழு துளையிடும் இனமா, வெறும் சேற்றுக் குழாயில் வாழும் இனமா என்பது இன்னும் தெரியவில்லை. முதிர்ந்த பிறகு ஐந்தாம் கண்டத்து முள்ளின் நுனி வடிவமும், செவுள் எந்தக் கண்டத்தில் தொடங்குகிறது என்பதும்தான் அதைச் சொல்லும். நோட்டில் "பாலிடோரா கூட்டம், கொக்கி 7-லிருந்து" என்று மட்டும் எழுதி, கூடவே பிடித்த இடம், உப்பளவு, வரைந்த படத்தின் எண் மூன்றையும் சேர்த்திருக்கிறோம். குடியேறியவற்றில் பாதியை 70 சதவீத ஆல்கஹாலில் வைத்தாயிற்று. மீதிப் பாதி மண்சட்டியில் இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் சேற்றோடு ஒரு துண்டுச் சிப்பி ஓடும் போட்டிருக்கிறோம்.